தெற்குத் தையல்

வியாழக்கிழமைகளில் நான் விரிசலை அளக்கிறேன்.
ஏணி, கைவிளக்கு, பென்சில்.
ஆல்டர்மியர் பேராலயத்தின் தெற்கு வரிசையில்
ஐந்தாம் தூணுக்கும் ஆறாம் தூணுக்கும் நடுவே
அரைவட்ட வளைவு ஒன்று
கூர்வளைவின் தோளில் இடித்துக்கொண்டு நிற்கும் இடம்.
ஒரே சட்டைக்கு இரண்டு தையற்காரர்கள்,
இருநூறு வருட இடைவெளியில்.
பார்க்க வருபவர்கள் இதைப் பார்ப்பதில்லை.
வண்ணக் கண்ணாடிகளை அண்ணாந்து பார்த்துவிட்டுத்
தேநீர் எங்கே கிடைக்கும் என்கிறார்கள்.

முதலில் இங்கே சேறுதான்.
சேற்றில் கருவாலிக் கட்டைகளை அடித்து இறக்கி
அதன்மேல் ஒரு மடத்தை வைத்தார்கள் நார்மன்காரர்கள்.
கல் கடல்தாண்டிப் படகில் வந்தது.
மடாதிபதி தர்ஸ்டனுக்கு அவசரம்:
சாவதற்குள் மணியோசையைக் கேட்டுவிட வேண்டும்.
கேட்டார்.
அந்த அவசரம் சுவருக்குள் காத்திருந்தது.

ஒரு நவம்பர் மாலை, பூசை முடிகிற நேரம்,
இரண்டு தூண்கள் தெற்கே சாய்ந்தன.
கூரை அவற்றின் பின்னாலேயே போனது.
மடத்துக் கணக்கேட்டில் அன்றைய வரி:
மெழுகு, நான்கு பென்னி.
மறுநாள்:
பலகை. பலகை. பலகை. ஒரு சவப்பெட்டி. பலகை.

கொத்தனார் வைமண்ட் வந்தபோது
உலகம் கூர்முனைக்கு மாறிவிட்டிருந்தது.
வட்டம் போடத் தெரியாதவன் அல்ல.
மனம் இல்லை.
மூன்று வருடக் கூலி பாக்கி என்பதும்
அதே ஏட்டில், வேறு மையில்.
பாதி எழும்பியபோது கொள்ளைநோய்.
பதினோரு வருடம் சாரம் வெறுமனே நின்றது.
அந்த வருடங்களில் இங்கே எதையாவது கட்டியவை
காக்கைகள் மட்டும்.

பிறகு அரசனின் ஆட்கள் தராசோடு வந்தார்கள்.
ஈயம் எடை போடப்பட்டது.
உறங்குகூடம் கல் கல்லாக விலைபோனது.
ஆற்றங்கரைப் பன்றிக்கொட்டில் ஒன்றுக்கு
இன்றும் பூவேலை செய்த வாசல்.
துறவி ஜெர்வாஸ் பிளைத் ஜனவரியில்
அங்கியைக் கழற்றிக் கொடுத்து, ஓய்வூதியம் எழுதி வாங்கி,
சகோதரி வீட்டுக்குப் போனார்.
செப்டம்பரில் திரும்பினார், பேராலயக் குருவாக.
அதே இருக்கை.
முதுகில் அதே வாடைக்காற்று.
முதல் கூட்டத்திலேயே அதைப் பற்றி முறையிட்டார்.
அந்த ஒன்பது மாதத்தில் இந்தப் பக்கம்
ஒரு கல்லும் நகரவில்லை.
ஒரு சொல் நகர்ந்தது.

அப்புறம் திருப்பணி.
சாராய ஆலை வைத்திருந்த ஒரு பிரபு
மேற்கு முகப்பு முழுவதையும் தன் காசில் புதிதாக்கினார்,
சோப்புப் போட்டுக் கழுவிய பிள்ளை முகம் மாதிரி.
தையலையும் பிரித்து ஒழுங்காகத் தைக்கச் சொன்னார்.
வேலையாட்கள் ஒரே ஒரு கல்லை உருவினார்கள்.
மேலே எதுவோ முனகியது.
இருட்டுவதற்குள் அதே கல்லை அதே குழியில் வைத்துவிட்டு
யாரிடமும் பேசாமல் வீட்டுக்குப் போனார்கள்.

போன பிப்ரவரியில் அந்தக் கல்லின் ஓரமாக
நானும் நெஸ்டாவும் துளையிட்டுக்
கேமராவை உள்ளே விட்டோம்.
சல்லி. மண். மட்டமான காரை.
காரை போதாத இடங்களிலெல்லாம்
அடைத்து வைத்த சிப்பிகள்,
சுரண்டித் தின்று வீசியவை.
வெளிச்சம் எட்டியவரை பதினேழு எண்ணினேன்.
மேலே அறுநூறு டன் கல்.
கீழே எவனோ ஒருவனின் மதியச் சாப்பாடு.
கூலி பாக்கி வைத்தால் இப்படித்தான், என்றாள் நெஸ்டா.
அறிக்கையில் என்ன எழுதுவது என்று
ஒரு மணிநேரம் பேசினோம்.
'உள்நிரப்பு: கலவையானது.'

இன்று குளிர் கூடுதல்.
விரிசலின் குறுக்கே ஒட்டிய கண்ணாடிப்பட்டை உடையவில்லை.
கீழே பாடற்குழுச் சிறுவன் ஒருவன்
தொடங்கிய வரியை இருமலில் விடுகிறான்,
மறுபடி தொடங்குகிறான்.
போன வாரம் மூன்று புள்ளி இரண்டு.
இன்று மூன்று புள்ளி இரண்டு.
மாற்றமில்லை என்று எழுதிவிட்டு
ஏணியை மடக்குகிறேன்.
சீக்கிரம் போகவேண்டும்.
மீன்வண்டி சந்தைத் திடலுக்கு
வியாழக்கிழமைதான் வரும்.